அமெரிக்க வாடகை வீட்டுக்கு 1031 எக்ஸ்சேஞ்ச்: டீட்டில் உள்ள பெயரில் தொடங்கி வரிப் படிவம் வரை

டெக்சஸிலோ கலிபோர்னியாவிலோ பத்து வருடம் முன்பு வாங்கி வாடகைக்கு விட்ட வீட்டை விற்று, அந்தப் பணத்தில் இன்னொரு வாடகை வீடு வாங்கப்போகிறீர்கள் என்றால், 1031 என்ற எண்ணை யாராவது உங்கள் காதில் போட்டிருப்பார்கள். அமெரிக்க வரிச் சட்டத்தின் 1031ஆம் பிரிவு சொல்வது இதுதான்: முதலீட்டுக்கு வைத்திருந்த நிலத்தையோ கட்டிடத்தையோ கொடுத்து அதே வகைச் சொத்தை வாங்கினால் லாபத்துக்கு இப்போது வரி வேண்டாம். வரி ரத்தாவதில்லை, தள்ளிப்போகிறது. அதுவே பெரிய விஷயம்.

எல்லோரும் பயப்படுவது, விற்ற 45 நாளுக்குள் புதிய வீட்டை அடையாளம் காட்ட வேண்டும் என்ற கெடுவுக்கு. நான் பார்த்த வரையில் புதிதாக இறங்குகிறவர்கள் தடுக்கி விழுவது அதற்கு வெகு முன்னால்: வீடு யார் பெயரில் இருக்கிறது, அந்தப் பெயருக்குப் பின்னால் வரித்துறை யாரை வரிதாரராகப் பார்க்கிறது என்ற இடத்தில். அது தெரியவருவதோ க்ளோசிங்குக்கு (பணமும் பத்திரமும் கைமாறும் நாளுக்கு) இரண்டு நாள் முன்பு, எதையும் மாற்ற முடியாத நேரத்தில். அதனால் கீழே உள்ள வரிசையைக் கலைக்காமல் போங்கள். ஏஜென்ட்டைக் கூப்பிடுவது நான்காவது படிக்கு அப்புறம்தான்.

0. முதலில் கையில் எடுத்து வைக்க வேண்டியவை

கவுன்ட்டியில் பதிவான டீட்டின் (உரிமைப் பத்திரத்தின்) நகல், வீடு வாங்கியபோது வந்த க்ளோசிங் அறிக்கை, கடைசி வரித் தாக்கலில் உள்ள ஷெட்யூல் இ (வாடகை வரவு செலவுப் பகுதி), தேய்மான அட்டவணை, படிவம் 8582 (கழிக்க முடியாமல் நிற்கும் நஷ்டக் கணக்கு), கடனில் இன்னும் எவ்வளவு பாக்கி என்ற கணக்கு. வீடு எல்.எல்.சி. (பொறுப்பு வரையறுத்த நிறுவனம்) பெயரில் இருந்தால் அதன் ஆபரேட்டிங் அக்ரிமென்ட்டும் (உறுப்பினர்களின் ஒப்பந்தம்) அதற்குத் தனியாக வரித் தாக்கல் நடக்கிறதா என்ற விவரமும் வேண்டும். இந்த வீடே முந்தைய எக்ஸ்சேஞ்சில் வந்தது என்றால் அப்போது தாக்கல் செய்த, எக்ஸ்சேஞ்ச் விவரம் காட்டும் 8824 படிவத்தையும் தேடி எடுங்கள்.

டீட்டை நினைவிலிருந்து சொல்லாதீர்கள், நகலைப் பாருங்கள். "ரெண்டு பேர் பெயரிலும்தான் இருக்கு" என்று உறுதியாகச் சொல்லிவிட்டுத் திறந்து பார்த்தால், ரீஃபைனான்ஸ் செய்தபோது வங்கி கேட்டதற்காக ஒருவர் பெயர் எடுக்கப்பட்டுத் திரும்பச் சேர்க்கப்படாமலே இருக்கும்.

1. விற்பவர் யார், வாங்குபவர் யார் என்று முடிவு கட்டுங்கள்

அடிப்படை விதி ஒன்றே ஒன்று: எந்த வரிதாரர் விற்கிறாரோ அதே வரிதாரர் வாங்க வேண்டும். டீட்டில் எழுதியிருக்கும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, வரித்துறையின் கண்ணில் அவர் ஒரே ஆளாக இருந்தால் போதும். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

*ஒருவர் மட்டுமே உறுப்பினராக உள்ள எல்.எல்.சி.:* கார்ப்பரேஷனாக வரி கட்டுகிறேன் என்று தனியாகத் தேர்வு செய்யாத வரையில் வரித்துறை இதைக் கண்டுகொள்வதில்லை, உரிமையாளரையே பார்க்கிறது. ஆகவே எல்.எல்.சி. பெயரில் விற்று உங்கள் சொந்தப் பெயரில் வாங்கலாம், மாற்றியும் செய்யலாம். வங்கி "எல்.எல்.சி.க்குக் கடன் தரமாட்டோம், உங்கள் பெயரில் எடுங்கள்" என்று கடைசி நேரத்தில் சொன்னால் இங்கே கலங்க வேண்டாம். நீங்களே மாற்றிக்கொள்ளும் உரிமையோடு எழுதிய லிவிங் ட்ரஸ்ட்டும் இப்படித்தான்.

*கணவன் மனைவி:* சேர்ந்து ஒரே ரிட்டர்ன் தாக்கல் செய்தாலும் வீட்டைப் பொறுத்தவரை இருவரும் தனித்தனி உரிமையாளர்கள். பழைய வீடு இருவர் பெயரிலும் இருந்து, புதிய வீட்டின் டீட் ஒருவர் பெயரில் மட்டும் வந்தால் மற்றவரின் பாதிக்கு எக்ஸ்சேஞ்ச் நடந்ததா என்ற கேள்வி எழும். நம் குடும்பங்களில் இது அடிக்கடி நடக்கிறது, ஏனென்றால் எச்-4 விசாவில் இருக்கும் துணைக்கு வருமானமோ கடன் வரலாறோ இல்லாததால் வங்கி ஒருவரை மட்டும் வைத்துக் கடன் தருகிறது, கடனில் ஒருவர் என்றால் டீட்டிலும் ஒருவர்தான் என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். கடனும் டீட்டும் வேறு. கடனில் ஒருவர், டீட்டில் இருவர் என்று செய்ய முடியுமா என்று கடன் விண்ணப்பத்தின் முதல் நாளே வங்கியிடம் கேளுங்கள்.

கலிபோர்னியா, டெக்சஸ், வாஷிங்டன், அரிசோனா, நெவாடா போன்ற கம்யூனிட்டி ப்ராப்பர்ட்டி மாநிலங்களில் திருமணத்துக்குப் பின் சேர்த்த சொத்து டீட்டில் ஒருவர் பெயரில் இருந்தாலும் பொதுவாக இருவருக்கும் பாதிப் பாதியாகவே பார்க்கப்படும். அங்கே தம்பதியர் மட்டும் சேர்ந்து வைத்துள்ள எல்.எல்.சி.யைத் தனி வரிதாரராக இல்லாததுபோல் நடத்தவும் ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வரித்துறை) 2002இல் வழி செய்தது. நெகிழ்வு இருக்கிறது. ஆனாலும் இரண்டு டீட்டிலும் ஒரே மாதிரி பெயர் இருந்தால் யாரும் எந்தக் கேள்வியும் கேட்கப்போவதில்லை, அதையே குறியாக வையுங்கள்.

*நண்பர்கள் சேர்ந்து ஆரம்பித்த எல்.எல்.சி.:* அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. மூன்று பேர் பணம் போட்டு, எல்.எல்.சி. பெயரில் ஒரு நாலு குடித்தன வீடு வாங்கி, வருடாவருடம் 1065 என்ற கூட்டு நிறுவன வரிப் படிவம் தாக்கல் செய்து கே-1 (அவரவர் பங்கு வருமானச் சீட்டு) வாங்குகிறீர்கள் என்றால், வரிதாரர் நீங்கள் மூவரும் அல்ல, அந்த எல்.எல்.சி.தான். விற்கிற சமயத்தில் ஒருவர் இந்தியா திரும்புகிறார், இன்னொருவருக்குப் பணம் வேண்டும், மூன்றாமவர் மட்டும் எக்ஸ்சேஞ்ச் செய்ய ஆசைப்படுகிறார். அவர் தன் பங்கை வைத்து எக்ஸ்சேஞ்ச் செய்ய முடியாது, ஏனென்றால் அவரிடம் இருப்பது எல்.எல்.சி.யில் பங்கு, வீட்டில் பங்கு அல்ல.

இதற்கு வழி, எல்.எல்.சி.யிலிருந்து வீட்டை மூவர் பெயருக்கும் தனித்தனிப் பங்காக, டெனன்ட்ஸ் இன் காமன் என்று டீட் எழுதிப் பிரித்துக்கொள்வது. அப்புறம் விற்கும்போது ஒவ்வொருவரும் தன் பங்குக்கு வரி கட்டலாம் அல்லது எக்ஸ்சேஞ்ச் செய்யலாம். இங்கே நேரம்தான் எல்லாம். விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு, க்ளோசிங்குக்கு முந்தைய வாரம் டீட்டை மாற்றினால், "இந்தப் பங்கை முதலீட்டுக்காக வைத்திருந்தாயா, விற்பதற்காகவே வாங்கிக்கொண்டாயா" என்று கேட்க வரித்துறைக்குக் கதவு திறந்துவிடுகிறீர்கள். சட்டத்தில் இத்தனை மாதம் என்று எண் கிடையாது. ஒரு வரி வருடமாவது தனித்தனியாக வைத்திருந்து, வாடகையையும் செலவையும் அவரவர் ரிட்டர்னில் காட்டியிருந்தால் நிலைமை வலுவாக இருக்கும். விற்கலாமா என்ற பேச்சு தொடங்கும்போதே இதைத் தொடங்குங்கள்.

வீடு எஸ் கார்ப்பரேஷன் (லாபத்துக்குப் பங்குதாரர்களே வரி கட்டும் வகைக் கம்பெனி) பெயரில் இருந்தால் இந்த வழியும் கிடையாது. கார்ப்பரேஷனிலிருந்து வீட்டை வெளியே எடுப்பதே சந்தை விலைக்கு விற்றதாகக் கருதப்பட்டு லாபம் அப்போதே வரிக்கு வந்துவிடும். கார்ப்பரேஷனே விற்று கார்ப்பரேஷனே வாங்குவது ஒன்றுதான் வழி.

*தம்பி, அக்கா, பெற்றோர்:* புதிய வீட்டில் அவர்கள் பெயரையும் சேர்க்க வேண்டும் என்றால், அவர்கள் தங்கள் பங்குக்குத் தனிப் பணம் போட வேண்டும். உங்கள் இலக்குத் தொகையை (ஆறாவது படியில் வருகிறது) உங்கள் பங்கு மட்டும் எட்ட வேண்டும்.

2. எக்ஸ்சேஞ்ச் உங்களுக்கு வேண்டுமா என்று கணக்குப் போடுங்கள்

எவ்வளவு வரி வரும் என்று பார்க்காமலே எக்ஸ்சேஞ்சில் இறங்குகிறவர்கள் அதிகம். ஒரு உதாரணம். 3,00,000 டாலருக்கு வாங்கிய வீடு, அதில் நிலத்தின் மதிப்பு 60,000, கட்டிடம் 2,40,000. குடியிருப்புக் கட்டிடத்துக்குத் தேய்மானம் 27.5 வருடம், அதாவது வருடம் 8,727 டாலர். 11 வருடத்தில் 96,000. ஆக வரிக் கணக்கில் வீட்டின் அடக்க விலை இப்போது 2,04,000. 6,20,000க்கு விற்று 37,000 விற்பனைச் செலவு போனால் லாபம் 3,79,000.

இதில் தேய்மானமாகக் கழித்த 96,000க்கு அதிகபட்சம் 25 சதவீதம், அதாவது 24,000. மீதி 2,83,000க்கு 15 சதவீதம் என்று வைத்தாலே 42,450. தம்பதியரின் வருமானம் 2,50,000க்கு மேல் என்றால் முதலீட்டு வருமானத்தின் மீதான 3.8 சதவீதமும் சேரும். முழு லாபமும் அந்த வரம்புக்கு மேலே நின்றால் 14,402. மொத்தம் 80,000 டாலரைத் தாண்டுகிறது. டெக்சஸில் மாநில வருமான வரி இல்லை. கலிபோர்னியாவில் இதே லாபம் சம்பளத்தைப் போலவே மாநில வரிக்கு வரும்.

இப்போது பலர் மறக்கும் பகுதி. வருமானம் 1,50,000 டாலருக்கு மேல் உள்ளவர்கள் வாடகை வீட்டு நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாமல் வருடாவருடம் முன்னே தள்ளிக்கொண்டு வந்திருப்பார்கள். அது 8582 படிவத்தில் சேர்ந்து கிடக்கிறது. வீட்டை வெளியாளுக்குச் சாதாரணமாக விற்று வரி கட்டினால் அந்த நஷ்டம் முழுக்க விடுதலை ஆகும். எக்ஸ்சேஞ்ச் செய்தால் ஆகாது, புதிய வீட்டோடு தொடரும். கணவன் மனைவி இருவரும் ஐ.டி. வேலையில் இருக்கும் வீடுகளில் இந்தத் தொகை சில சமயம் 60,000, 70,000 என்று நிற்கிறது. அதைக் கழித்துப் பார்த்தால் வரி அவ்வளவு பயமுறுத்தாது, அவசரமாக ஏதோ ஒரு வீட்டை வாங்கும் நெருக்கடியும் இருக்காது.

இந்த வருடங்களில் தேய்மானமே எடுக்கவில்லை என்றாலும் தப்பிக்க முடியாது. எடுத்திருக்க வேண்டிய தேய்மானத்தை எடுத்ததாகவே வைத்து அடக்க விலை குறைக்கப்படும். விடுபட்டதை 3115 படிவம் மூலம் சரிசெய்யலாம், விற்பதற்கு முன் சி.பி.ஏ.விடம் (வரிக் கணக்காளரிடம்) இதைத் தீர்த்துவிடுங்கள்.

இன்னொன்று, உரிமையாளர்களில் ஒருவர் இறந்திருந்தால் அவர் பங்கின் அடக்க விலை அன்றைய சந்தை விலைக்கு உயர்ந்திருக்கும். கம்யூனிட்டி ப்ராப்பர்ட்டியாக இருந்தால் முழு வீட்டுக்குமே உயரும். அப்படி இருந்தால் லாபமே பெரிதாக இருக்காது, எக்ஸ்சேஞ்சும் தேவைப்படாது.

3. இரண்டு வீடுமே தகுதியானவையா என்று பாருங்கள்

2018 முதல் இந்தச் சலுகை நிலம், கட்டிடம் போன்ற அசையாச் சொத்துக்கு மட்டும்தான். அதே வகை என்பது விரிந்த அர்த்தம்: தனி வீட்டைக் கொடுத்து டூப்ளெக்ஸ், கடை, காலி மனை எதுவும் வாங்கலாம். வாங்கிச் சீர்செய்து உடனே விற்கும் வீடு தகுதியாகாது, அது வியாபாரச் சரக்கு. நீங்கள் குடியிருக்கும் வீடும் ஆகாது.

அப்புறம், அடிக்கடி வரும் கேள்வி. சென்னை ஃபிளாட்டை விற்று அமெரிக்காவில் வாடகை வீடு வாங்கினால் 1031 பொருந்துமா? பொருந்தாது. அமெரிக்காவுக்குள் உள்ள சொத்தும் வெளியே உள்ள சொத்தும் ஒரே வகை அல்ல என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. சென்னை வீட்டை விற்று கோயம்புத்தூரில் வீடு வாங்கி இந்திய வரிச் சட்டத்தில் விலக்கு பெற்றாலும், நீங்கள் அமெரிக்க வரிதாரர் என்றால் அந்த லாபம் அமெரிக்க ரிட்டர்னில் வந்தே ஆக வேண்டும், இந்திய விலக்கு இங்கே செல்லாது.

உறவினரிடமிருந்து வீடு வாங்கி எக்ஸ்சேஞ்சை முடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். அண்ணன், தம்பி, பெற்றோர், பிள்ளைகள், நீங்கள் பாதிக்கு மேல் வைத்திருக்கும் கம்பெனி எல்லாம் இதில் அடங்கும், பெரும்பாலும் செல்லாமல் போகும். அவர்களுக்கு விற்பது சாத்தியம், ஆனால் இரு தரப்பும் இரண்டு வருடம் சொத்தைக் கைமாற்றாமல் வைத்திருக்க வேண்டும்.

4. க்யூ.ஐ.யை அமர்த்துங்கள், ஏஜென்ட்டுக்கு முன்னாலேயே

விற்ற பணம் உங்கள் கைக்கு வரக்கூடாது, உங்கள் கட்டுப்பாட்டிலும் இருக்கக்கூடாது. அதை இடையில் வைத்திருப்பவர்தான் குவாலிஃபைட் இன்டர்மீடியரி, சுருக்கமாக க்யூ.ஐ. உங்கள் ஏஜென்ட், வக்கீல், சி.பி.ஏ., ஊழியர் என்று கடந்த இரண்டு வருடத்தில் வேலை பார்த்தவர் க்யூ.ஐ. ஆக முடியாது. சொந்தக்காரரும் முடியாது.

இவர்களுக்கு மத்திய அரசின் லைசென்ஸ் எதுவும் கிடையாது, கலிபோர்னியா, நெவாடா, வாஷிங்டன் போன்ற சில மாநிலங்களில் மட்டும் தனிச் சட்டம் உண்டு. 2008 நவம்பரில் லாண்ட்அமெரிக்கா 1031 எக்ஸ்சேஞ்ச் சர்வீசஸ் திவாலானபோது வாடிக்கையாளர்களின் பணம் உள்ளே மாட்டிக்கொண்டது. அதனால் கட்டணத்தை மட்டும் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சாதாரண எக்ஸ்சேஞ்சுக்குக் கட்டணம் பெரும்பாலும் ஆயிரம் டாலர் அளவில்தான், வித்தியாசம் சில நூறு. அதைவிட முக்கியம், என் பணம் தனிக் கணக்கில் இருக்குமா, என் ஒப்புதல் கையெழுத்து இல்லாமல் வெளியே போக முடியுமா, மோசடிக்கு எதிரான பாண்ட் எவ்வளவு என்ற கேள்விகள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

முதல் படியில் முடிவு செய்த பெயர் விவரங்களை அப்படியே அவருக்குக் கொடுங்கள். எக்ஸ்சேஞ்ச் ஒப்பந்தத்தில் வரும் பெயர், டீட், வரி எண் மூன்றும் பொருந்த வேண்டும்.

5. விற்பனை ஒப்பந்தமும் க்ளோசிங்கும்

விற்பனை ஒப்பந்தத்தில், விற்பவர் 1031 எக்ஸ்சேஞ்ச் செய்கிறார், வாங்குபவர் ஒத்துழைப்பார், அவருக்கு இதனால் கூடுதல் செலவு இல்லை என்று ஒரு வாக்கியம் போடச் சொல்லுங்கள். க்ளோசிங்குக்கு முன் க்யூ.ஐ. ஒப்பந்தம் கையெழுத்தாகி, விற்பனை ஒப்பந்தத்தின் உரிமை அவருக்கு மாற்றப்பட்டு, எல்லாத் தரப்புக்கும் எழுத்தில் அறிவிப்பு போயிருக்க வேண்டும். டீட் மட்டும் உங்களிடமிருந்து நேராக வாங்குபவருக்குப் போகலாம்.

"செக் என் பெயரில் வந்துவிட்டது, மாற்றவே இல்லை, அப்படியே க்யூ.ஐ.க்கு அனுப்பட்டுமா?" கையில் வாங்கிய கணமே, ஏன், வாங்கக்கூடிய நிலையில் இருந்த கணமே எக்ஸ்சேஞ்ச் முடிந்துவிட்டது. க்ளோசிங் முடிந்த மறுநாள் க்யூ.ஐ.யைத் தேடுகிறவர்களுக்கும் இதே பதில்தான், உதவ வழியே இல்லை.

க்ளோசிங் அறிக்கை வரைவை முன்கூட்டியே வாங்கிப் படியுங்கள். குடித்தனக்காரரின் அட்வான்சையும் மாதத்தின் மீதி வாடகையையும் வாங்குபவருக்கு ஒப்படைக்கும்போது, டைட்டில் கம்பெனி (க்ளோசிங்கை நடத்தித் தரும் நிறுவனம்) அதை விற்பனைத் தொகையில் கழித்துவிடும். அது உங்களிடம் இருந்த பணம். எக்ஸ்சேஞ்ச் பணத்தில் கழித்தால் அந்த அளவுக்கு நீங்கள் ரொக்கம் எடுத்ததாக ஆகும். தனியாக உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து கட்டிவிடுங்கள். கலிபோர்னியாவில் விற்றால் 593 படிவத்தில் எக்ஸ்சேஞ்ச் என்று குறிப்பிட வேண்டும், இல்லாவிட்டால் விற்பனை விலையில் 3⅓ சதவீதம் பிடித்துவிடுவார்கள்.

6. இலக்குத் தொகையை எழுதி வையுங்கள்

மேலே சொன்ன உதாரணத்தையே எடுப்போம், கடன் பாக்கி 1,50,000 என்று வையுங்கள். 6,20,000இல் 37,000 செலவு போக 5,83,000. கடனை அடைத்தபின் க்யூ.ஐ.யிடம் 4,33,000. முழு வரியும் தள்ளிப்போக இரண்டு நிபந்தனை: புதிய வீடு 5,83,000க்குக் குறையக்கூடாது, அந்த 4,33,000 முழுவதும் அதில் போக வேண்டும். மீதி 1,50,000க்குக் கடன் எடுத்தாலும் சரி, கையிலிருந்து ரொக்கம் போட்டாலும் சரி.

பலர் லாபத்தை மட்டும் திரும்பப் போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. குறையும் தொகைக்கு பூட் என்று பெயர், அதற்கு இந்த வருடமே வரி. 5,33,000க்கு வாங்கினால் 50,000க்கு வரி கட்டுவீர்கள், மற்றது தள்ளிப்போகும். எக்ஸ்சேஞ்ச் முழுக்கக் கெடாது. ஆனால் பெரிய கடன் எடுத்து ஈடுகட்டிவிட்டு எக்ஸ்சேஞ்ச் பணத்தில் கொஞ்சம் ரொக்கம் எடுக்கலாம் என்ற யோசனை வேண்டாம். கடன் குறைவை ரொக்கத்தால் ஈடுகட்டலாம், எடுத்த ரொக்கத்தைக் கடனால் ஈடுகட்ட முடியாது.

கொஞ்சம் மலிவான வீடு வாங்கி மிச்சப் பணத்தில் சமையலறை, கூரை எல்லாம் புதுப்பித்தால் கணக்குக்கு வருமா என்று கேட்பார்கள். வீடு உங்கள் பெயருக்கு வந்தபின் செய்யும் வேலை எதுவும் சேராது. வருவதற்கு முன்பே வேறொரு இடைநிலை நிறுவனத்தின் பெயரில் வைத்து வேலையை முடிக்கும் முறை உண்டு, செலவு அதிகம்.

7. 45 நாள்: வீடுகளை அடையாளம் காட்டுங்கள்

விற்பனை க்ளோசிங்குக்கு மறுநாள் முதல் எண்ணுங்கள். சனி, ஞாயிறு, விடுமுறை எல்லாம் சேர்த்தே 45. கடைசி நாள் ஞாயிறாக இருந்தாலும் திங்களுக்குத் தள்ளிப்போகாது. பேரிடர் அறிவிக்கப்பட்ட பகுதிகளுக்கு ஐ.ஆர்.எஸ். அறிவிக்கும் நீட்டிப்பு மட்டுமே விதிவிலக்கு.

அந்த நாள் நள்ளிரவுக்குள் எழுத்தில், கையெழுத்தோடு, க்யூ.ஐ.க்கு அனுப்பியிருக்க வேண்டும். முழு முகவரி, கான்டோ என்றால் வீட்டு எண். "ஃப்ரிஸ்கோவில் ஒரு டூப்ளெக்ஸ்" என்று எழுதினால் செல்லாது. ஏஜென்ட்டுக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பியதும் செல்லாது.

எத்தனை வீடு காட்டலாம்? விலை எதுவானாலும் மூன்று. மூன்றுக்கு மேல் என்றால் எல்லாவற்றின் மதிப்பும் சேர்ந்து விற்ற வீட்டின் மதிப்பைப் போல் இருமடங்கைத் தாண்டக்கூடாது. அதையும் தாண்டினால் காட்டியதில் 95 சதவீத மதிப்புக்கு வாங்கியே ஆக வேண்டும், அந்தப் பக்கம் போகாதீர்கள். மூன்று இடத்தையும் நிரப்புங்கள், ஒன்றே ஒன்றைக் காட்டிவிட்டு நம்பிக்கையோடு இருக்காதீர்கள். இன்ஸ்பெக்ஷனில் அஸ்திவாரப் பிரச்சினை வெளியே வந்து அந்த வீட்டை விட்டால், 46ஆம் நாள் வேறு வீட்டைச் சேர்க்க முடியாது. 45 நாளுக்குள் என்றால் எழுதிக்கொடுத்து மாற்றிக்கொள்ளலாம்.

என் யோசனை: உங்கள் வீட்டுக்கு வாங்குபவர் கிடைத்த அன்றே புதிய வீட்டைத் தேடத் தொடங்குங்கள். விற்பனை க்ளோசிங் வரைக்கும் உள்ள 30, 40 நாள் உங்களுக்குக் கிடைக்கும் இலவச நேரம். மூன்றாவது இடத்தில் டி.எஸ்.டி. எனப்படும், பல முதலீட்டாளர்கள் சேர்ந்து கட்டிடம் வைத்திருக்கும் ட்ரஸ்ட்டில் பங்கைக் காட்டிவைப்பவர்களும் உண்டு. 2004 முதல் ஐ.ஆர்.எஸ். ஏற்றுக்கொண்ட வழி அது. நிர்வாகத்தில் உங்களுக்குச் சொல் இருக்காது, நினைத்தபோது பணத்தை எடுக்க முடியாது, இதைப் புரிந்துகொண்டு காட்டுங்கள்.

8. 180 நாள்: வாங்கி முடியுங்கள்

180 நாளும் விற்பனைத் தேதியிலிருந்துதான், 45 முடிந்தபின் புதிதாக 180 அல்ல. 180ஆம் நாள், அந்த வருட ரிட்டர்னின் கெடு, இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் எல்லை. அக்டோபர் 17க்குப் பின் விற்றவர்களுக்கு ஏப்ரல் 15 முந்திக்கொள்ளும். 4868 படிவம் போட்டு ரிட்டர்னுக்கு நீட்டிப்பு வாங்கினால் முழு 180 நாளும் கிடைக்கும். வீட்டை வாங்கி முடிக்கும் முன் பழக்கதோஷத்தில் மார்ச்சிலேயே ரிட்டர்னை அனுப்பிவிடாதீர்கள்.

பில்டரிடமிருந்து புது வீடு வாங்குகிறவர்கள் இங்கே கவனமாக இருங்கள். நம் ஆட்களுக்குப் புது வீட்டின் மேல் தனி மோகம், ஆனால் கட்டுமானம் தாமதமானால் 180 நாள் காத்திருக்காது. சாவி கொடுக்கும் தேதிக்கும் கடைசி நாளுக்கும் நடுவே இரண்டு மாதமாவது இடைவெளி இல்லையென்றால் அந்த வீட்டை முதல் இடத்தில் வைக்காதீர்கள்.

வாங்கும் ஒப்பந்தத்தையும் க்யூ.ஐ.க்கு மாற்றி எழுத வேண்டும், பணம் அவரிடமிருந்து நேராக டைட்டில் கம்பெனிக்குப் போக வேண்டும். கடன் வாங்குவதற்கான கட்டணம், பாயின்ட்ஸ் (வட்டியைக் குறைக்க முன்கூட்டியே கட்டும் தொகை) இவற்றை உங்கள் பணத்தில் கட்டுங்கள், இவை வீட்டின் விலையில் சேராது. டீட் வரைவை வாங்கி, முதல் படியில் எழுதிய பெயரோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுங்கள்.

நல்ல வீடு முதலில் கிடைத்துவிட்டது, பழையது இன்னும் விற்கவில்லை என்றால் தலைகீழ் எக்ஸ்சேஞ்ச் உண்டு. 2000இல் ஐ.ஆர்.எஸ். விதிமுறை வகுத்தது. இடைநிலை நிறுவனம் ஒரு வீட்டைத் தன் பெயரில் 180 நாள் வரை பிடித்துவைக்கும். வங்கி இதற்குச் சம்மதிக்குமா என்பதை முதலில் கேளுங்கள், பெரும்பாலும் அங்கேதான் நிற்கும்.

9. வரித் தாக்கல்

விற்ற வருடத்து ரிட்டர்னில் 8824 படிவம் சேர வேண்டும். முழு வரியும் தள்ளிப்போனாலும் தாக்கல் செய்ய வேண்டும். புதிய வீட்டின் அடக்க விலை நீங்கள் கொடுத்த விலை அல்ல: 5,83,000க்கு வாங்கினால் தள்ளிப்போன 3,79,000ஐக் கழித்து 2,04,000. முழு விலைக்கும் தேய்மானம் எடுத்துவிடும் தவறு சகஜம், குறிப்பாக சி.பி.ஏ. மாறியிருந்தால். க்யூ.ஐ. கோப்பு முழுவதையும் புதியவரிடம் கொடுங்கள்.

கலிபோர்னியா வீட்டைக் கொடுத்து டெக்சஸில் வாங்கினால் கலிபோர்னியா தன் பங்கை மறப்பதில்லை. அந்த வரி கட்டப்படும் வரை எஃப்.டி.பி. (கலிபோர்னியா வரித்துறை) 3840 படிவத்தை ஒவ்வொரு வருடமும் அனுப்ப வேண்டும், நீங்கள் அந்த மாநிலத்தை விட்டே போயிருந்தாலும்.

10. முடிந்த பிறகு செய்யக்கூடாதவை

புதிய வீட்டுக்கு உடனே குடிபோகாதீர்கள். 2008இல் ஐ.ஆர்.எஸ். கொடுத்த பாதுகாப்பு அளவுகோல்: வாங்கிய பின் இரண்டு வருடம் வைத்திருந்து, ஒவ்வொரு வருடமும் 14 நாளாவது சந்தை வாடகைக்கு விட்டு, சொந்த உபயோகம் 14 நாள் அல்லது வாடகை நாட்களில் 10 சதவீதம், எது அதிகமோ அதைத் தாண்டாமல் இருக்க வேண்டும். பின்னால் அதையே சொந்த வீடாக்கி விற்றால், குடியிருப்புக்கான 2,50,000 அல்லது தம்பதியருக்கான 5,00,000 டாலர் விலக்கைக் கேட்க, வாங்கி ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும். அப்போதும் வாடகைக்கு விட்ட காலத்துக்கான லாபமும் தேய்மானமும் விலக்கில் வராது.

க்ளோசிங் முடிந்த மறுவாரம் டீட்டை நண்பர்களின் எல்.எல்.சி.க்கு மாற்றுவதும் வேண்டாம். முதலீட்டுக்காக நீங்கள் வைத்திருந்தீர்கள் என்ற கதை அங்கே ஆட்டம் காணும். ஒருவரே உறுப்பினராக உள்ள உங்கள் சொந்த எல்.எல்.சி. என்றால் வரிக்குப் பிரச்சினையில்லை, வங்கிக் கடன் நிபந்தனையை மட்டும் பாருங்கள்.

இந்தியா திரும்பும் திட்டம் இருந்தால் இதைத் தள்ளிப்போடாமல் யோசியுங்கள். கிரீன் கார்டும் குடியுரிமையும் இல்லாமல் அமெரிக்க வரிக்கு வெளிநாட்டவர் ஆகிவிட்டால், விற்கும்போது விலையில் பொதுவாக 15 சதவீதம் பிடித்தம் உண்டு. எக்ஸ்சேஞ்ச் என்பதற்காகத் தானாக விடமாட்டார்கள், க்ளோசிங்குக்கு முன்பே 8288-பி படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அதைவிடப் பெரியது இந்தியப் பக்கம். அங்கே நீங்கள் முழு ரெசிடென்ட் ஆனபின் உலக வருமானம் முழுவதும் இந்திய வரிக்கு வரும், இந்தியச் சட்டத்தில் 1031 என்று எதுவும் கிடையாது. அமெரிக்கா வரியைத் தள்ளிவைக்கும், இந்தியா அதே லாபத்துக்கு இப்போதே கேட்கும், அமெரிக்காவில் வரி கட்டாததால் கழித்துக்கொள்ள க்ரெடிட்டும் இருக்காது. வீட்டை மாற்றும் எண்ணம் இருந்தால் திரும்புவதற்கு முன்போ, திரும்பிய தொடக்க வருடங்களில் முழு ரெசிடென்ட் ஆகாத காலத்திலோ முடியுங்கள். இரண்டு நாட்டு வரியும் தெரிந்த ஒருவரிடம் விமான டிக்கெட் எடுக்கும் முன் தேதிகளைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.